சனிக்கிழமைகளில் மட்டும் தெரியாதவர்

வாசகரே, உங்களை நடுவர் இருக்கையில் அமர்த்த நான் விரும்பவில்லை. நடுவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. அவர்கள் மணியடிப்பார்கள், மதிப்பெண் இடுவார்கள், கோப்பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு வேண்டியது ஒரு சாட்சி. ஒருவருக்கு நான் வாய்விட்டு ஒரு வாக்குக் கொடுத்தேன். அப்போது எங்களைத் தவிர அருகில் இருந்தவர் நல்ல உறக்கத்தில் இருந்தார். வாக்கைப் பெற்றவரோ இப்போது உயிரோடு இல்லை. ஆகவே நீங்கள் அமருங்கள். கேட்டால் போதும்; தீர்ப்பு வேண்டாம்.

ஜொகூர் பாருவிலிருந்து மாசாய் போகும் வழியில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் முதல் மாடியில் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவு. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்தில் மூன்று நாள் அங்கே வருவார்கள். சாய்வு நாற்காலியில் படுத்துத் தம் இரத்தத்தை இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். அரைநாள் கழித்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வந்தபோது இருந்ததைவிடச் சோர்ந்து வெளியேறுவார்கள். நான் அங்கே போகத் தொடங்கிய ஆண்டில் ரொக்கம் வாங்கும் முகப்பை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை நின்றது. வாரக் கட்டணத்தைச் சனிக்கிழமை அதில் செலுத்த வேண்டும். வங்கி அட்டையால் தொடலாம், அல்லது திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்யலாம். துண்டுச் சீட்டு ஒன்று வெளியே வரும். அதைத் தாதியிடம் கொடுத்தால் நாற்காலி கிடைக்கும். இவ்வளவுதான். ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக நோட்டை நீட்டிப் பழகிய கைகளுக்கு அந்த இவ்வளவு பெரிதாக இருந்தது.

நோயாளிகளுக்கு வழிகாட்ட எங்கள் கல்லூரியிலிருந்து தொண்டூழியர்களைக் கேட்டார்கள். தமிழ் விவாதக் குழுவின் தலைவன் என்ற முறையில் முதலில் கையுயர்த்தியவன் நான். மஞ்சள் மேலங்கி ஒன்றைக் கொடுத்து ஒரே விதியைச் சொன்னார்கள். நோயாளியின் கைப்பேசியைத் தொடக் கூடாது, இரகசிய எண்ணைப் பார்க்கக் கூடாது, எல்லாவற்றையும் வாயால் மட்டுமே விளக்க வேண்டும். வாயால் மட்டுமே என்று கேட்டதும் என் தோள்கள் தாமாக நிமிர்ந்தன. மாநில அளவில் எதிரணியை மூச்சுவிடாமல் அடக்கிய வாய் இது. வேகம், பாதுகாப்பு, ஆதாரம் என்று மூன்று தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஓர் உரையைக் கட்டினேன். தீபாவளிக்குள் அத்தனை பேரையும் மின்னியல் கட்டணத்துக்கு மாற்றிக் காட்டுகிறேன் என்று நிர்வாக அதிகாரியிடம் நானாகவே சொன்னேன்.

மேடையில் நான் ஒருநாளும் களைத்ததில்லை. அங்கே களைத்தேன். ஒரே வாக்கியத்தைக் காலையிலிருந்து நண்பகல் வரை, தூக்கம் கெட்ட முகங்களுக்கு, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது எத்தகைய உழைப்பு என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொருவராக மாறினார்கள். ஒருவர் மட்டும் மாறவில்லை.

அவருக்கு ஐம்பதைக் கடந்த வயது. மாசாய் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். பாசிர் கூடாங்கில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இளமை முழுவதையும் செலவழித்தவர். அந்தத் தொழிற்சாலை கொடுத்த நீல மேற்சட்டையை, நெஞ்சில் தைத்திருந்த நிறுவனப் பெயரை மட்டும் நூல் நூலாகப் பிரித்தெடுத்துவிட்டு, சிகிச்சை அறையின் குளிருக்குப் போட்டுக்கொண்டு வருவார். நெற்றியில் திருநீறு, கையில் துணிப்பை, பைக்குள் இரண்டு சாப்பாட்டு டப்பா. எல்லாரும் அவரை ஆண்டி என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

அவருடைய ஆயுதம் ஒரே வாக்கியம். "எனக்கு எங்கப்பா தெரியும்."

முதல் சனிக்கிழமை என் மூன்று தூண்களையும் அவர்முன் நிறுத்தினேன். கன்னத்தில் கைவைத்து இறுதிவரை கேட்டார். நல்லாப் பேசுறே, இன்னொரு தடவை சொல் என்றார். மகிழ்ந்து மறுபடி சொன்னேன். பிறகு, திரையில் இருக்கும் கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள் என்றேன். கைப்பேசியை உயர்த்தினார். ஒரு கண்ணை மூடினார். கல்யாணப் புகைப்படக்காரரைப் போல் இரண்டடி பின்வாங்கிப் படம் எடுத்தார். எடுத்த படத்தை என்னிடம் காட்டி, "வெளிச்சம் அழகா விழுந்திருக்குல்ல?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் அவர் உயர்த்திய கைப்பேசியில் அவர் முகமே தெரிந்தது. முன்பக்கக் கேமரா. ஒதுங்கிய முடியைச் சரிசெய்துகொண்டு, ஆள் மெலிந்துதான் போய்விட்டேன் என்றார். அதற்கடுத்த வாரம் கைப்பேசி செத்துப்போய்விட்டது என்று கையை விரித்தார். சொல்லி வாய் மூடுவதற்குள் பைக்குள் அது பாடத் தொடங்கியது.

"பாத்தியா தம்பி, ஒன் பேச்சக் கேட்டு உசுரு வந்துருச்சு" என்றார்.

நான் சிரிக்கவில்லை. எதிரணி பேச்சாளர் தலைப்பை விட்டு விலகும்போது காட்டும் முகத்தை அவரிடமும் காட்டினேன். அவர் அதையும் இரசித்தார்.

அவரால் செலுத்த முடியாதபடியால் அவருடைய மகன் வந்து செலுத்தினார். மகன் கடல் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு பண்டகசாலையில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை இரவு முறை முடித்து, மோட்டார் சைக்கிளில் பாலத்து நெரிசலைக் கடந்து, சனிக்கிழமை காலை வந்து சேர்வார். தலைக்கவசம் நெற்றியில் பதித்த கோடு மறைந்திருக்காது. முன்பெல்லாம் ரொக்கம் கொண்டுவருவதற்காக வந்தார். திரை வந்ததும், அம்மாவின் மின்பணப்பையில் சிங்கப்பூரிலிருந்தே பணத்தைப் போட்டுவிடலாம், அம்மா ஸ்கேன் செய்துகொள்வார், வாராவாரம் பாலம் கடக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்குத்தான் அம்மாவுக்குத் தெரியாமையால் தடைபட்டு நின்றது. மகன் வந்து தம் அட்டையால் திரையைத் தொடுவார். ஒரு பீப் ஒலி. வேலை முடிந்தது. அதன்பின் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, அம்மா கொண்டுவந்த டப்பாவைக் காலிசெய்துவிட்டு, அப்படியே தூங்கிப்போவார். இயந்திரம் ஓடி முடியும்வரை தூங்குவார். ஊசி குத்திய கையை அசைக்காமல், தலையை மட்டும் திருப்பி, அந்த அம்மையார் மகனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வாதத்தின் பொருள் என்ன என்று ஒரு சாட்சி கேட்கலாம். பொருள் இதுதான்: அந்தச் சனிக்கிழமை. அவர் கற்றுக்கொண்டால் மகனுக்கு ஓய்வு நாள் மிஞ்சும். கற்றுக்கொள்ளாதவரை அம்மாவுக்கு மகன் மிஞ்சுவார்.

அவருடைய தெரியாமை திரையோடு நின்றதில்லை. அந்தப் பிரிவுக்குப் புதிதாக ஒரு மலாய்ப் பெண் தாதியாக வந்திருந்தாள். உணவுக் கட்டுப்பாடு பற்றி அவள் விசாரித்தபோது, "தா தாவு மிஸ்ஸி, தா தாவு" என்று, 'தெரியாது' என்ற அந்த ஒன்றைத் தவிர மலாயே அறியாதவரைப்போல் இரு கைகளையும் விரித்தார். அந்தப் பெண் நம்பிவிட்டாள். நாற்காலியை அருகில் இழுத்து, தாளில் வாழைப்பழம் வரைந்து அதன்மேல் கோடு கிழித்து, இளநீர் வரைந்து அதற்கும் கோடு கிழித்து, நெடுநேரம் விளக்கினாள். இடையில் இருவரும் சிரித்தார்கள். அன்று மதியமே வாசலில் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் கட்டணத்தைக் கூட்டிக் கேட்க, இந்த அம்மையார் இலக்கணப் பிழையில்லாத மலாயில் அவருடைய பாட்டன் காலம்வரை போய்த் திரும்பினார். நான் அருகில்தான் நின்றேன். பொய் சொன்னீர்களே என்று கேட்டேன்.

"தெரியும்னு சொன்னா ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டுப் போயிருப்பா" என்றார். "பாவம், கிளந்தான்லேர்ந்து வந்த புள்ள. யாருகிட்டயும் பேசாம நிக்கிது."

தொழிற்சாலைக் காலத்திலும் இதே வேலைதான் என்று இன்னொரு நாள் சொன்னார். உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் மின்சுற்றுப் பலகைகளைப் பரிசோதிக்கும் மேசைகள் வரிசையாக இருக்குமாம். இவர் நன்றாகத் தெரிந்த ஒரு பாகத்தைத் தெரியவில்லை என்று கையைத் தூக்குவாராம். மேற்பார்வையாளர் வந்து குனிந்து இவர் கண்ணாடியில் பார்ப்பாராம். "அவன் இங்க குனியிற நேரத்துல அங்க அத்தன பொண்ணுங்களும் முதுக நிமித்திக்குவாளுங்க. என்னை மக்குன்னு திட்டுவான். திட்டட்டும் லா, திட்டுற வரைக்கும் இங்கதான நிப்பான்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் மிக மெல்லியதாக இருந்தது. இயந்திரம் பாதி வேலையை முடித்திருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் எல்லார் குரலும் அப்படித்தான் ஆகும்.

தீபாவளி நெருங்கியது. அந்த அம்மையார் ஒருவர்தான் மிச்சம், அவரும் கற்றுக்கொண்டால் உன் வேலை முடிந்தது என்று நிர்வாக அதிகாரி நினைவூட்டினார். தோல்வி எனக்குப் பழக்கமில்லாத உணவு. கல்லூரி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவரைத் தனியே பிடித்துப் பொறுமையாகச் சொல்லித் தரலாம் என்று, மேலங்கி இல்லாமல் மருத்துவமனைக்குப் போனேன்.

திரைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர், காஹாங் ஊரிலிருந்து வந்து, மாசாயில் வாடகை அறையில் தனியாகக் கிடந்த ஒரு பெரியவர். சனிக்கிழமை உடல்நலமில்லாமல் படுத்துவிட்டதால் கட்டணம் தவறியிருந்தது. மற்றவர் என் மாணவி, அந்த ஆண்டியேதான். அவர் கைப்பேசி அவர் கையில் ஒரு பழகிய கருவியைப் போல் இயல்பாக இருந்தது. தம் கைப்பேசியில் செய்து காட்டி, பெரியவர் கைப்பேசியைத் தொடாமலே, வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"படம் புடிக்காதீங்க அண்ணே. அது போட்டோ. கீழ ஸ்கேன்னு இருக்கு பாருங்க, அத அமுக்குங்க. பயப்படாதீங்க. மொத வேகம். ரெண்டாவது பாதுகாப்பு. மூணாவது ஆதாரம், சீட்டு வந்துரும்."

என் உரை. சொல் பிசகாமல் என் உரை. தூண்கள் மூன்றும், ஏற்ற இறக்கங்களும், ஆதாரம் என்ற சொல்லுக்கு முன்னால் நான் விடும் இடைவெளியும்கூட அப்படியே இருந்தன. திரை பீப் என்றது. பெரியவர் சீட்டைக் கிழித்து இரு கையாலும் பிடித்துக்கொண்டு, தாதியை நோக்கி நடந்தார்.

ஆண்டி திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான் திகைத்தார். பிறகு, "அலமாக். இன்னைக்கிச் செவ்வாக்கெழம தான?" என்றார்.

கோபத்தோடு அவர் பின்னால் நாற்காலிவரை போனேன். எத்தனை சனிக்கிழமைகள் என் தொண்டையை வறளவிட்டீர்கள் என்று கேட்டேன். வாராவாரம் அவர் மகன் பாலத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று தெரியுமா என்றும் கேட்டேன். கேள்விகளை அடுக்கினேன், அடுக்குவதில் எனக்குத் தேர்ச்சி உண்டு. புதிய தாதி ஊசியைச் செலுத்திப் பிளாஸ்திரி ஒட்டுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அண்ணனுக்கு யாரும் வரப்போறதில்ல" என்றார் பிறகு. "அவருக்கு இது தெரிஞ்சே ஆகணும். எனக்கு வர்றதுக்கு ஒருத்தன் இருக்கான். எனக்கு எதுக்குப்பா தெரியணும்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மின்தூக்கியை விட்டுப் படிக்கட்டில் இறங்கி வெளியே வந்தேன்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் மறைந்த செய்தியை, அடுத்த ஆண்டின் மழைக்காலத்தில், மகன்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். இதயம் தாங்கவில்லையாம். இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன். அடுக்குமாடியின் கீழே போட்டிருந்த கூடாரத்தில் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் அந்த மெஷின் பிடிபடவே இல்ல தம்பி" என்றார். ஆமாம் அண்ணே என்றேன். காஹாங் பெரியவர் எங்களுக்கு எதிர் வரிசையில் இருந்தார். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

இனி அந்த வாக்குப் பிறந்த சனிக்கிழமைக்கு உங்களை அழைத்துப் போகிறேன். செவ்வாய்க்கிழமைக்கு நான்கு நாள் கழித்து வந்த சனிக்கிழமை அது. இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவோடு போயிருந்தேன். உண்மையை மகனிடம் சொல்லிவிடுவது என்பதே அந்த முடிவு. உழைத்துக் களைத்த மனிதரின் ஓய்வு நாளை, அம்மாவின் பாசமே ஆனாலும், ஏமாற்றி வாங்கக் கூடாது என்று எனக்கு நானே வாதாடி வென்றிருந்தேன்.

நான் தேட வேண்டியிருக்கவில்லை. மகனே என்னைத் தேடிவந்தார். கட்டணத்தைச் செலுத்திவிட்டு, மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு என்னை அழைத்துப் போனார். கண்கள் சிவந்திருந்தன. பேசுவதற்கு முன்னால் முகத்தை இரு கைகளாலும் அழுத்தித் துடைத்தார்.

"நீங்கதான அம்மாவுக்குச் சொல்லிக் குடுக்குறது? மறைக்காம சொல்லுங்க தம்பி. அவங்களுக்கு இது வருமா, வராதா? வரும்னா சனிக்கெழம ஓவர்டைம் கேக்குறாங்க, எடுத்துக்குவேன். இல்லன்னா ரூம்லயாவது படுத்துக் கெடப்பேன்."

சொல்ல வேண்டிய விடை நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் எதிராளியைப் பேசவிட்டுப் பிறகு பேசுவது எங்கள் பயிற்சி. அந்தப் பழக்கத்தால், அறையில் நன்றாகத் தூக்கம் வருமா அண்ணே என்று கேட்டுவைத்தேன்.

அவர் சிரித்தார். "எங்க? எட்டு பேரு. ஒருத்தன் வருவான், ஒருத்தன் போவான், ஒருத்தன் பாட்டு போடுவான். வாரம் பூரா கண்ண மூடித்தான் படுத்துருப்பேன், தூக்கமில்ல." பிறகு மாடியைப் பார்த்தார். "இங்கதான் தம்பி தூங்குறேன். அந்த மெஷின் சத்தம், அம்மா பக்கத்துல இருக்காங்க... எப்படின்னு தெரியல, உக்காந்த ஒடனே போயிருது."

மூன்று தூண்களும் எனக்குள் எங்கே போயின என்று தெரியவில்லை.

"வராது அண்ணே" என்றேன். "நானும் பாத்துட்டேன். ஆண்டிக்கு இது வராது."

அவர் தலையை ஆட்டினார். நினைத்தேன் என்றார். சிற்றுண்டிச்சாலை திறந்திருக்குமா, அம்மாவுக்கு உப்பில்லாத ரொட்டி வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே என்னை விட்டு நடந்தார்.

நான் மாடிக்குப் போனபோது மகன் தூங்கிப்போயிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, மடியில் தலைக்கவசம். ரொட்டிப் பொட்டலம் அம்மாவின் காலடியில் இருந்தது. இயந்திரத்தின் சக்கரம் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த அம்மையார் சன்னல் வழியே நாங்கள் கீழே பேசியதைப் பார்த்திருந்தார். கேட்டிருக்க முடியாது. செவ்வாய்க்கிழமை உடைந்த குட்டு மகனுக்குத் தெரிந்துவிட்டது என்றே அவர் முடிவு செய்துகொண்டார் போலும். என்னைப் பார்க்காமல், மகனையே பார்த்தபடி பேசினார்.

"சொல்லிட்டியா? சொன்னா சொல்லிட்டுப் போ. நானும் பாக்குறேன், புள்ள எலும்பாத்தான் வர்றான். போதும். அடுத்த வாரம் எனக்கு வந்துருச்சுன்னே வச்சுக்கலாம். அந்த டப்பா சோறு இல்லன்னா அவன் செத்தா போவான்?"

குழாய் போட்ட கை போர்வைமேல் அசையாமல் கிடக்க, மற்றக் கையால் நீலச் சட்டையின் நெஞ்சில், பெயர் பிரித்த இடத்தில் மிச்சமிருந்த நூல் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

கீழே மகன் சொன்னதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அது மகனுடையது, என்றாவது ஒருநாள் அவரே சொல்வார் என்று நினைத்தேன். மேலங்கியைச் சரிசெய்துகொண்டு, கைகளை உடலோடு ஒட்டி, மேடையில் முதல் வாக்கியத்துக்கு முன் நிற்பதைப்போல் அவர்முன் நேராக நின்றேன். குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டேன், தூங்குகிறவர் விழிக்கக் கூடாது என்பதற்காக. ஆனால் வாய்விட்டே சொன்னேன்.

"ஆண்டி, இது ஒங்களுக்கு வராது. வரவும் விடமாட்டேன். ஒவ்வொரு சனிக்கெழமையும் வந்து, மொதல்லேர்ந்து சொல்லிக் குடுப்பேன்."